நெல்லையில் ஆபீஸ் யூனிஃபார்ம்: துணி, அளவு, தையல் – எங்கே கொடுக்கலாம், எதைக் கேட்டு வாங்கலாம்

யூனிஃபார்ம் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது கலர் கார்டு. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. துணியில் பாலியஸ்டர் எத்தனை சதவீதம்? அளவெடுக்க வருகிறவரும் துணி வெட்டுகிறவரும் ஒரே ஆளா? நிறம் பிடிக்கவில்லை என்று முணுமுணுத்தாலும் நாலு நாளில் பழகிவிடும். அக்குளில் பிடிப்பதும், உட்கார்ந்தால் வயிற்றை இறுக்குவதும், மத்தியான வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்வதும் பழகாது. ஆசையாகத் தைத்துக் கொடுத்த யூனிஃபார்மை ஊழியர்கள் அலமாரியில் போட்டுவிட்டு ஏதாவது சாக்குச் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் இதற்கு மூன்று வழி உண்டு. வண்ணாரப்பேட்டையிலும் டவுன் ரதவீதிகளிலும் உள்ள பெரிய ஜவுளிக்கடைகளின் யூனிஃபார்ம் பிரிவு ஒன்று. திருப்பூர், ஈரோட்டிலிருந்து ரெடிமேட் இறக்கித் தரும் ஏஜெண்டுகள் இன்னொன்று. மூன்று நாலு மெஷின் போட்டுத் தைக்கும் டெய்லர்கள் மூன்றாவது. பத்து முதல் அறுபது பேர் வரை வேலை பார்க்கும் ஆபீஸ், கிளினிக், ஷோரூம், பெட்ரோல் பங்க் ஆகியவற்றுக்கு எது ஒத்துவரும் என்பதுதான் இங்கே பார்ப்பது. கங்கைகொண்டான் சிப்காட் மாதிரி நூற்றுக்கணக்கில் ஆள் உள்ள இடங்களின் கணக்கு வேறு. அவர்கள் நேரே மில்லோடு பேசுவார்கள்.

விதியை எழுதும் முன்

யூனிஃபார்ம் வேண்டுமா, வெறும் உடை விதி போதுமா என்று முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரே நிறத்தில் தைத்துக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழக அரசு 2019-இல் போட்ட உத்தரவு இதற்கு நல்ல மாதிரி. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ் அல்லது துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்குச் சட்டையோடு ஃபார்மல் பேண்ட் அல்லது வேட்டி. அவ்வளவுதான். வேட்டியை அரசாங்கமே ஆபீஸ் உடையாக ஒத்துக்கொண்டிருக்கும்போது, நம்ம ஊர்த் தனியார் ஆபீஸ்கள் சித்திரை வெயிலில் டையும் ஷூவும் கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறவர்கள், மெஷின் பக்கம் போகிறவர்கள் விஷயம் வேறு. ஓடும் இயந்திரத்தைச் சரிபார்க்கிறவர், எண்ணெய் விடுகிறவர் உடம்போடு ஒட்டிய உடைதான் போட வேண்டும், அதை நிர்வாகம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 22-ஆம் பிரிவில் எழுதி வைத்தது. மாவு மில், பிரஸ், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர்கள் ஊழியருக்குத் துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு கயிறு, முழுக்கைச் சட்டையின் திறந்த கஃப் இவற்றை விதியிலேயே விலக்கிவிட வேண்டும். ஐடி கார்டுக்குக் கயிறுக்குப் பதில் பாக்கெட்டில் மாட்டும் கிளிப் போதும்.

துணி

சட்டைத் துணியில் கடைக்காரர் எடுத்துப் போடுவது பெரும்பாலும் டெரிகாட்டன், அதாவது 67 பங்கு பாலியஸ்டர், 33 பங்கு பருத்தி. பேண்ட்டுக்கு 65–35 பாலியஸ்டர் விஸ்கோஸ் (விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து எடுக்கும் நூல்). அதற்கும் கீழே, விலை குறைந்த துணி முழுப் பாலியஸ்டர். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும்; பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வியர்வை துணிக்குள் போகாமல் தோல்மேலேயே நிற்பதும், சாயங்காலம் நாற்றம் வருவதும் அதனால்தான். ஏசி உள்ள ஷோரூமுக்கு 67–33 தாராளமாகப் போதும். வெளியே வெயிலில் நிற்கிற பங்க் ஊழியர், டெலிவரிப் பையன்கள், செக்யூரிட்டிக்குப் பருத்தி பாதிக்குக் குறையாமல் கேளுங்கள். முழுப் பருத்தி கேட்காதீர்கள். மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கும், 24 அங்குலக் கை ஏறக்குறைய ஒரு அங்குலம் மேலே ஏறிவிடும், தினமும் இஸ்திரி போடாமல் போட்டுக்கொள்ள முடியாது. ஐப்பசி கார்த்திகை மழையில் காயவும் காயாது.

சொன்ன கலப்புதானா என்று பார்க்க ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினதும் கறுப்பு மணியாகக் கெட்டியாகும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். மணி மட்டும் தெரிந்தால் அது முழுப் பாலியஸ்டர். நீளவாட்டு நூல், குறுக்குவாட்டு நூல் இரண்டையும் தனித்தனியே எரித்துப் பாருங்கள்.

அடுத்தது கனம். அதை ஜிஎஸ்எம் என்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. சட்டைக்கு 115 முதல் 130 ஜிஎஸ்எம், பேண்ட்டுக்கு 220 முதல் 240 என்பது நம்ம ஊர் வெயிலுக்குச் சரியாக இருக்கும். வெள்ளைச் சட்டை 110-க்குக் கீழே போனால் உள்பனியன் தெரியும். 260-க்கு மேலே உள்ள பேண்ட் துணி மலைவாசஸ்தலத்துக்குத்தான் லாயக்கு.

நிறம் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சாம்பல் நிறத்தில் அக்குள் ஈரம் பளிச்சென்று தெரியும். வெளிவேலைக்கு வேண்டவே வேண்டாம். கருநீலத்தில் ஈரம் தெரியாது, ஆனால் காய்ந்ததும் முதுகில் வெள்ளையாக உப்புப் பூக்கும். மெரூன், கறுப்பு, கருநீலத் துணிகளில் வெள்ளைக் கர்சீப்பை நனைத்துப் பதினைந்து முறை அழுத்தித் தேயுங்கள். கர்சீப்பில் சாயம் ஏறினால் அந்த லாட்டே (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) வேண்டாம். நிறத்தைக் கடையின் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல் துண்டை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலிலும் பாருங்கள். உள்ளே ஒன்றுபோல் தெரியும் சட்டைத் துணியும் துப்பட்டாத் துணியும் வெளியே வந்ததும் வேறு வேறு நிறமாகத் தெரிவது சகஜம்.

அளவுக் கணக்கு: 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர், பேண்ட்டுக்கு 1.20 மீட்டர் என்று பீஸ் போட்டு விற்பார்கள். இடுப்பு 40-ஐத் தாண்டினால் பேண்ட்டுக்கு 1.30-க்கு மேல் வேண்டும். 36 அங்குல அகலம் என்றால் சட்டைக்கு 2.25. யூனிஃபார்ம் சேலைக்கு ஐந்தரை மீட்டர், பிளவுஸுக்கு 80 சென்டிமீட்டர் சேர்த்து 6.30. பதினெட்டு ஆண்களுக்கு ஆளுக்கு மூன்று சட்டை என்றால் பீஸ் கணக்கில் சுமார் 86 மீட்டர் வரும். பீஸாக வாங்காமல் முழுத் தானாக (வெட்டாத சுருளாக) வாங்கி, சின்ன அளவும் பெரிய அளவும் கலந்து அடுக்கி வெட்டச் சொன்னால் அதில் நன்றாகவே மிச்சமாகும். அந்த மிச்சம் யாருக்கு என்பதை வெட்டுவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். மிச்சத் துணி உங்களிடம் வர வேண்டும். வராவிட்டால் தனியாக 5 மீட்டராவது அதே லாட்டில் வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்துச் சேரும் புது ஆளுக்குக் கலர் கார்டில் அதே நம்பர் உள்ள துணியை வாங்கினாலும் சாய லாட் மாறியிருக்கும், வரிசையில் நின்றால் அவர் மட்டும் தனியாகத் தெரிவார்.

ஆளுக்கு இரண்டு செட் என்பது கணக்குப்பிள்ளைக் கணக்கு. வாரம் ஆறு நாள் வேலைக்கு மூன்று செட் வேண்டும்; மழைக்காலத்தில் ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று தேய்ப்புக்காரரிடம் இருக்கும். இரண்டுதான் கொடுக்க முடியும் என்றால் இரண்டு பேண்ட், மூன்று சட்டையாகக் கொடுங்கள். முதலில் கெடுவது சட்டைதான்.

அளவெடுப்பு

மூன்று சேவைகளுக்கும் நடுவே உண்மையான வித்தியாசம் தெரிவது இங்கேதான். பெரிய கடை அளவெடுக்க ஒரு பையனை ஆபீசுக்கு அனுப்பும். அவன் நோட்டில் எழுதிக்கொண்டு போவான். வெட்டுகிறவர் வேறெங்கோ இருப்பார். அவன் எழுதின 40 உடம்பின் அளவா, தைத்து முடித்த சட்டையின் அளவா என்று அவருக்குத் தெரியாது. மார்பு 38 உள்ளவருக்குத் தைத்த சட்டை 42 இருக்க வேண்டும். 38-ஐத் தைத்த அளவாக எடுத்துக்கொண்டால் பட்டன் போட முடியாது; ஏற்கெனவே 4 கூட்டி எழுதினதில் இன்னொரு 4 கூட்டினால் தொளதொளவென்று தொங்கும். மொத்த ஆர்டர்களில் ஒரே ஆபீசில் பாதிப் பேருக்குப் பிடித்தும் பாதிப் பேருக்குத் தொங்கியும் வருவதற்கு இதுதான் காரணம், துணி அல்ல. அளவுத் தாளின் தலையிலேயே ‘உடல் அளவு’ அல்லது ‘ரெடி அளவு’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல டெய்லர் எப்படி அளவெடுப்பார் என்று கவனித்தால் அவருக்கு வேலை கொடுக்கலாமா என்று தெரிந்துவிடும். முதலில் பாக்கெட்டில் இருக்கும் செல்லையும் பர்ஸையும் எடுத்து மேஜைமேல் வைக்கச் சொல்வார். அதோடு அளவெடுத்தால் சீட்டில் (பிட்டச் சுற்றளவில்) ஒரு அங்குலம் கூடிவிடும். பேண்ட் உயரத்தைச் செருப்போடு எடுக்காமல் வேலைக்குப் போடும் ஷூவோடு எடுப்பார். “அண்ணாச்சி, பெல்ட்டு எங்க கட்டுதிய, வயித்துக்கு மேலயா கீழயா?” என்று கேட்பார். இந்தக் கேள்வியைக் கேட்காதவர் தைத்த பேண்ட், தொப்பை உள்ள யாருக்கும் சரியாக நிற்காது. இடுப்பு அளவு ஒன்றே ஆனாலும் மேலே கட்டுகிறவருக்கு முன்பக்க இறக்கம் கூடுதல் வேண்டும்.

வேலையைக் கேட்டு அளவை மாற்றுவதும் அவருடைய வேலை. பங்க் ஊழியரும் ஜவுளிக்கடையில் மேல் தட்டிலிருந்து எடுத்துப் போடுகிறவரும் நாள் முழுக்கக் கையைத் தூக்குவார்கள். அவர்களுக்குச் சட்டை உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் டக்-இன் வெளியே வந்துகொண்டே இருக்கும். கைக்குழியை, அதாவது சட்டையில் கை சேரும் வளைவை, ஆழமாக வெட்டினால் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது சட்டை முழுக்க மேலே வரும். கைக்குழி அளவாக இருந்து, கைத்துணியின் அகலம் கூடுதலாக இருக்க வேண்டும். டிரைவர்களுக்கு உட்கார வைத்து அளவெடுக்க வேண்டும். கடை ஊழியர்களுக்கும் இப்போது அப்படியே. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவு வந்து இருக்கை கொடுப்பது கட்டாயமானபிறகு, நிற்கிறவர்களுக்கு என்று மட்டும் வெட்டின பேண்ட் பின்தையலில் விட்டுப்போகிறது.

பெண்களுக்கு அளவெடுக்கத் தனி அறையும் பெண் டெய்லரும் வேண்டும். இதைச் சேவை கொடுப்பவரே ஏற்பாடு செய்ய வேண்டும், பணம் கூடக் கேட்டால் கொடுக்கலாம். சில இடங்களில் “அக்கா, நல்லா பிடிக்கிற பிளவுஸ் ஒண்ணு கொடுத்து விடுங்க” என்று அளவு பிளவுஸ் வாங்கிப் போவார்கள். பிளவுஸுக்கு அது சரிப்படும். சுடிதாருக்குச் சரிப்படாது, பழைய சுடிதார் துவைத்துத் துவைத்து அளவு மாறியிருக்கும்.

பெண்கள் யூனிஃபார்மில் இன்றுவரை பெரிய குறை பாக்கெட். சுடிதார் டாப்பின் பக்கத் தையலில் ஆறு அங்குலத் திறப்பும் பத்து அங்குல ஆழமும் வைத்தால் செல்போன் உள்ளே நிற்கும். பாக்கெட் துணி கொஞ்சம்தான் ஆகும். ஆர்டரில் எழுதாவிட்டால் யாரும் வைப்பதில்லை. சேலைமேல் போடும் ஓவர்கோட்டிலும் இரண்டு பக்கமும் பாக்கெட் கேட்டு வாங்குங்கள். மேல் பாக்கெட் ஒன்று மட்டும் வைப்பது பேனாவுக்குத்தான் ஆகும்.

தையல்

மாதிரிக்கு ஒரு சட்டை, ஒரு பேண்ட் தைத்து வாங்கி மூன்று முறை துவைத்து வெயிலில் காயப்போட்டுத் தேய்த்துப் பாருங்கள். முதலில் காலரைப் பாருங்கள். காலர்மேல் கொப்புளம் மாதிரித் துணி எழும்பியிருந்தால், காலருக்குள் விறைப்புக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸை, சூடாக்கி அழுத்தும் ஃபியூசிங் மெஷினில் அழுத்தாமல் சாதா இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சூடும் அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் படாததால் பசை திட்டுத் திட்டாகப் பிடித்து, தண்ணீர் பட்டதும் விடுகிறது. இதைப் பிறகு சரிசெய்யவே முடியாது. காலரையே மாற்ற வேண்டும். மெஷின் இல்லாத டெய்லரிடம் ஒட்டாத தையல் கேன்வாஸ் வைக்கச் சொல்லுங்கள்.

பிறகு சட்டையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் இருக்க வேண்டும். ஏழு எட்டு என்றால் பீஸ் ரேட்டுக்கு ஓட்டித் தள்ளியது. பேண்ட்டின் பின்தையலில் இரட்டைத் தையலும், இடுப்பில் பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்விட்டும் (பிறகு பிரித்துப் பெரிதாக்க உள்ளே விடும் துணி), காலடி மடிப்பில் இரண்டு அங்குலமும் வேண்டும். ரெடிமேடில் இந்த உள்விட்டு பெரும்பாலும் கிடையாது, ஓவர்லாக் ஓரத்தோடு முடிந்துவிடும். இரண்டு கிலோ எடை கூடினால் பேண்ட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பாக்கெட் வாயின் இரு முனையிலும் பார்டாக் (கிழியாமலிருக்கப் போடும் நெருக்கத் தையல்) அடித்திருக்கிறதா என்று பாருங்கள். காஜா (பட்டன் துளை) ஓரத்தில் பிசிறு நின்றால் மழுங்கின கத்தியால் வெட்டியது. பட்டன் நாலு ஓட்டை உள்ளதாக இருக்கட்டும்.

லோகோ எம்பிராய்டரியைத் தைத்து முடித்த சட்டையில் போடக் கொடுக்காதீர்கள். பாக்கெட்டோடு சேர்த்து அடித்து வாயை மூடிவிடுவார்கள். துணியை வெட்டினதும், பாக்கெட் பீஸில் தனியாகப் போட்டு வாங்கி, அப்புறம் சட்டையில் பொருத்த வேண்டும். அடியில் பேக்கிங் பேப்பர் வைக்காவிட்டால் மெல்லிய துணி லோகோவைச் சுற்றிச் சுருங்கி நிற்கும். எம்பிராய்டரிக்குக் காசு தையல் எண்ணிக்கையைப் பொறுத்து. உள்ளே முழுக்க நிரப்பின வட்டத்தைவிட வெறும் எழுத்து மலிவு, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பராமரிப்பில் இரண்டு எச்சரிக்கை. போர்த் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில் வெள்ளைச் சட்டை சீக்கிரம் மங்கும், இரும்புச் சத்து உள்ள தண்ணீரில் பிளீச் போட்டால் பழுப்புக் கறை நிரந்தரமாக ஏறும். கரிப்பெட்டியில் தேய்க்கும்போது பாலியஸ்டர் கலந்த பேண்ட் முழங்காலிலும் தையல் மேட்டிலும் பளபளவென்று மினுங்க ஆரம்பிக்கும். ஈரத்துணியை மேலே விரித்துத் தேய்க்கச் சொன்னால் மினுங்காது.

யாரிடம் கொடுக்கலாம்

ரெடிமேட் ஏஜெண்ட் ஆள் வந்து வந்து போகும் இடங்களுக்குச் சரி: செக்யூரிட்டி, ஹோட்டல் சர்வர், டெலிவரி. வேகம், அளவு மாற்றிக் கொடுப்பது இரண்டும் பிளஸ். ஆர்டருக்கு முன் எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை ஒரு செட் கொண்டுவந்து எல்லாரையும் போட்டுப் பார்க்க வைக்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள். பெண்கள் உடைக்கு ரெடிமேட் வேண்டாம்.

பெரிய கடையின் யூனிஃபார்ம் பிரிவு துணி வாங்க மிகச் சிறந்த இடம். மில் துணி, நம்பர், பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், அடுத்த வருஷமும் அதே நம்பர் கிடைக்க வாய்ப்பு அதிகம். தையலையும் அவர்களிடமே விடுவதில்தான் சிக்கல். வேலை வெளியே போகும், ஆல்டர், அதாவது திருத்தம், என்று போனால் யாரிடம் போவது என்றே தெரியாது.

அறுபது பேருக்குள் என்றால் துணியைக் கடையில் வாங்கி, தையலை நல்ல கட்டிங் மாஸ்டர் உள்ள சின்ன டெய்லரிடம் கொடுப்பதே எங்கள் தேர்வு. ஒரு தையலைப் பிரித்து மறுநாள் கொடுக்க அவரால்தான் முடியும். அவரிடம் உள்ள குறை தேதி. சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் குவிந்து கிடக்கும். பிறகு தீபாவளி, அதை ஒட்டியே கிறிஸ்துமஸ். பாளையங்கோட்டைப் பக்கம் டிசம்பரில் டெய்லர் கிடைப்பதே கஷ்டம். மேலப்பாளையத்தில் கொடுக்கிறவர்கள் ரம்ஜான் எந்த மாதம் வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்து பங்குனிக்குள், அல்லது ஆனித் தேரோட்டம் முடிந்து ஆடி மாதத்தில் கொடுத்தால் வேலை நிதானமாக நடக்கும்.

வக்கீல் கோட்டு தனிக் கதை. நீதிமன்றம் பாளையங்கோட்டையில் இருப்பதால் கறுப்புக் கோட்டு தைப்பவர்கள் அந்தப் பக்கமே உண்டு. கோடையில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிறவர்களுக்குக் கோட்டோடு கவுனும் வேண்டும். தைக்கும்போது முழு லைனிங் வேண்டாம். முதுகின் மேல்பாதிக்கும் கைக்கும் மட்டும் லைனிங் வைத்தால் போதும், உள்ளே காற்று போகும்.

விலை கேட்கும்போது துணி, கூலி, கேன்வாஸ்–பட்டன், எம்பிராய்டரி, வரி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். ஒரு உருப்படி 2500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் இப்படி. கூலியில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, எல்லாரும் இரண்டு முறை துவைத்துப் போட்டபிறகு ஆல்டர் கணக்கை முடித்துக் கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத டெய்லர் குறைவு. ஒத்துக்கொள்ளாவிட்டால் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இருப்பார்.